லிஸ்பனில் நான் தேடிய மூன்று தமிழர்கள்



நானும் என் தம்பியும் போன செப்டம்பரில் போர்ச்சுகல் தலைநகரம் லிஸ்பனைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தம்பி மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போன இடத்தில் நான்கு நாள் ஒதுக்கி லிஸ்பன் போனோம். "டீச்சர், பாரிஸ், ரோம் எல்லாம் இருக்க, லிஸ்பன் எதுக்கு?" என்று நாலைந்து பேர் போனிலேயே கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பழைய வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படியுங்கள்.

குலசைக்காரிக்கு லிஸ்பன் அந்நிய ஊர் இல்லை. நம் பக்கத்து மணப்பாட்டுக்கு வந்த புனித சவேரியார் 1541 ஏப்ரல் 7ஆம் தேதி கப்பலேறியது அந்த ஊரில்தான். அன்று அவருக்கு 35ஆவது பிறந்தநாள். கோவா வந்து சேர்ந்தது 1542 மே மாதம். பதின்மூன்று மாதக் கடல் பயணம்! அந்த ஆண்டு அக்டோபரில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். என் தம்பி முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். "இப்ப சூயஸ் வழியா வந்தா மூணு வாரம், நாலு வாரத்துல வந்துரலாம்க்கா" என்றான். லிஸ்பன் துறைமுகத்தில் இரண்டு முறை கப்பல் நின்றும் ஊருக்குள் போய்ப் பார்க்க அவனுக்கு வாய்க்கவில்லை. அவனுக்கும் அந்த ஆசை மிச்சம் இருந்தது.

முதல் நாள் டேகஸ் ஆற்றங்கரையில் பெலேம் என்ற பகுதிக்குப் போனோம். வாஸ்கோ ட காமா 1497 ஜூலையில் புறப்பட்டது இங்கிருந்துதான். ஆறு என்றுதான் பெயர், பார்த்தால் கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. அங்கே ஜெரோனிமோஸ் என்ற பிரம்மாண்டமான மடாலயம் இருக்கிறது. 1501 வாக்கில் மனுவேல் மன்னர் தொடங்கிய கட்டடம், முடிய ஏறத்தாழ நூறு ஆண்டு ஆனது. தூண்களில் கயிறு, கடற்பாசி, கப்பல் சாமான் எல்லாம் கல்லிலே செதுக்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த சரக்கு வியாபாரத்தில் இருபதில் ஒரு பங்கை வரியாக எடுத்து இதைக் கட்டினார்கள். அந்த வரிக்கு மக்கள் வைத்த பெயரே மிளகு வரி. தம்பி தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நம்ம பக்கத்து மிளகுல எழும்புன கோயில்" என்றான். மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் காமாவின் கல்லறை. அவர் இறந்தது 1524இல் நம் கொச்சியில். அங்கே புதைத்து, பிறகு 1539இல் எலும்புகளைக் கொண்டுபோனார்கள். கொச்சிக்குச் சுற்றுலா போனபோது ஃபோர்ட் கொச்சி பிரான்சிஸ் கோயிலில் காலிக் கல்லறை ஒன்றைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் இருந்தவர்தான் இங்கே இருக்கிறார்.

சற்றுத் தள்ளி ஆற்றோரமாக 50 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு நினைவுச் சின்னம். கப்பலின் முன்பக்கம் போன்ற வடிவம். 1940இல் தற்காலிகமாக வைத்து, 1960இல் கல்லில் கட்டியது. அதில் 33 பேர் வரிசையாக நிற்கிறார்கள்: இளவரசர் ஹென்றி, காமா, கப்பல் தலைவர்கள், வரைபடம் போட்டவர்கள், கவிஞர்கள். நம் சவேரியாரும் இருக்கிறார். பெண் என்று பார்த்தால் பிலிப்பா ராணி ஒருவர் மட்டும். நம் பக்கத்தவர் ஒருவர்கூட இல்லை. கப்பல் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கப்பலுக்கு முத்து எடுத்துக் கொடுத்தவன் இல்லை. இடுப்பில் கயிறு கட்டி, காலில் கல்லை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ச் சிப்பி அள்ளி வந்தவன் அவன்.

இந்த இடத்தில் நம் கரையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1530களில் முத்துச் சலாபத்தின் உரிமை பற்றி நம் பரதவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய சண்டை. அப்போது அவர்களுக்கு யோசனை சொன்னவர் ஜான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி. அவர் கோழிக்கோட்டுக்காரர். 1513இல் லிஸ்பனுக்குப் போய், அங்கேயே ஞானஸ்நானம் பெற்று வந்தவர். அவர் பேச்சைக் கேட்டுப் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1536, 37இல் கரையோர ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் மதம் மாறினார்கள். பாதுகாப்பு இலவசம் இல்லை, ஆண்டுதோறும் கப்பம் கட்டினார்கள். ஆக, லிஸ்பனைக் கண்ணால் பார்த்துவந்த ஒரு மலையாளக் கரைக்காரரின் யோசனை, நம் கரையின் தலைவிதியை மாற்றியது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் காமா, சவேரியார் பெயர்தான் வருகிறது. குரூஸ் பெயர் எங்கே வருகிறது?

இனி நான் தேடிப்போன மூன்று பேருக்கு வருகிறேன்.

1554 பிப்ரவரியில் லிஸ்பனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. கார்த்தில்யா என்பார்கள். அரிச்சுவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஜான் மன்னர் ஆணையில், கெர்மாவோ கல்யார்த் என்பவரின் அச்சகத்தில் அடித்தது. கிறிஸ்தவ ஜெபங்கள்தான் உள்ளடக்கம். ஆனால் மொழி தமிழ்! தமிழ் எழுத்துக்கு அச்சு வார்க்கப்படாத காலம் என்பதால் தமிழை ரோமன் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் 'வணக்கம் டீச்சர்' என்று ஆங்கில எழுத்தில் அடிக்கிறீர்களே, அதே வேலை. தமிழுக்கு மேலே சிவப்பு மையில் பொருள் கொடுத்திருக்கிறார்கள். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறியது இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குட்டன்பர்க் பைபிள் அச்சாகி நூறே ஆண்டுதான் ஆகியிருந்தது.

இதைத் தமிழில் ஆக்கியவர்கள் யார்? வின்சென்ட் த நாசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். மூவரும் தமிழர்கள். இவை ஞானஸ்நானப் பெயர்கள். வில்ல த கோந்தே என்ற பாதிரியார் பிழைதிருத்திக் கொடுத்தார். ஏறத்தாழ 470 ஆண்டுகளுக்கு முன்னால், அந்தக் குளிர்காலத்தில், டேகஸ் கரையில் மூன்று தமிழர்கள் உட்கார்ந்து, 'இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்புத்தான் என்னை லிஸ்பனுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அந்தப் புத்தகத்தில் நமக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது ஒரே பிரதி. அதை வைத்திருப்பது தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். அது எங்கே என்கிறீர்கள்? நான் சொன்ன அந்த மிளகுக் கோயிலின் மேற்குப் பக்கக் கட்டடத்தில்! முன்வாசலில் காமாவின் கல்லறைக்கு வரிசை கட்டி நிற்கிறார்கள். அதே கட்டடத்தின் இன்னொரு பக்கத்தில் நம் மூன்று பேரின் உழைப்பு இருக்கிறது. அந்த நீண்ட சுவரை ஒட்டி நானும் தம்பியும் முழுவதும் நடந்தோம். "நாம கும்பிட்டுக்கிடுவோமா அக்கா?" என்றான். செருப்பைக் கழற்றவில்லை, மற்றபடி கும்பிட்டோம்.

மறுநாள் ஊருக்குள் போனோம். 1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர்கள் திருநாள். கோயில்களில் கூட்டம், மெழுகுவர்த்தி வெளிச்சம். காலையில் பெரிய நிலநடுக்கம் வந்தது. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் மேல் கடல் ஏறி வந்தது. பிறகு பல நாள் தீ எரிந்தது. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்மோ மடத்தின் கோயில் இன்றும் கூரையில்லாமல் நிற்கிறது. வளைவுகளுக்கு மேலே வானம்தான். பொம்பல் பிரபு நேர்க்கோட்டுத் தெருக்களாக ஊரைத் திரும்பக் கட்டினார். ஆற்றோரத்து அரண்மனையும், இந்திய வியாபாரக் கணக்கெல்லாம் வைத்திருந்த இந்திய மாளிகையும் அழிந்துபோயின. நம் கரையைப் பற்றி எத்தனை கட்டுக் காகிதம் அதோடு போயிருக்கும்! அப்படிப்பட்ட ஊரில் அந்தத் தமிழ்ப் புத்தகம் தப்பியது சின்ன விஷயமா?

அங்கே தெருக்களுக்குத் தொழில் பெயர்தான்: பொன் தெரு, வெள்ளித் தெரு. ஒரு தெருவுக்குச் சப்பாதெய்ரோஸ் என்று பெயர், செருப்புத் தைப்பவர்கள் தெரு. கொழும்பில் இருக்கும் நம் சொந்தங்கள் செருப்பைச் சப்பாத்து என்பார்களே, அது இங்கிருந்து வந்ததுதான். நாங்கள் தங்கிய அறையில் மேசை இருந்தது, ஜன்னல் இருந்தது, அலமாரிக்குச் சாவி இருந்தது, என் கையில் பேனா இருந்தது. இந்த ஐந்தும் போர்ச்சுகீசியச் சொற்கள். முப்பத்தைந்து வருஷம் என் வகுப்பறையில் நான் உட்கார்ந்ததும் பூட்டியதும் எழுதியதும் லிஸ்பன் சொற்களை வைத்துத்தான்!

அந்த ஊரின் தேசிய நூலகத்தில் இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார் 16ஆம் நூற்றாண்டில் நம் கரையில் இருந்துகொண்டு எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி. 2013இல் ஜீன் ஹைன் என்ற அம்மையாரும் வி.எஸ். ராஜம் அம்மையாரும் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். இதே ஹென்ரிக்கஸ்தான் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டவர். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் புத்தகம் அது. அச்சு வேலைக்கு நம் கரைப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். முத்துக் குளித்த காசு எழுத்தாக மாறியது. அவர் 1600இல் புன்னைக்காயலில் இறந்தார்.

பிள்ளைகளே, இதையெல்லாம் ஊர்ப்பெருமை பேச மட்டும் எழுதவில்லை. 2024 பிப்ரவரி 28இல் நம் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நாளைக்கு நம் ஊர்ப் பெயர் உலகம் முழுவதும் ஒலிக்கும், சந்தோஷம். லிஸ்பன்போல நமக்கும் நினைவுச் சின்னம் எழும்பலாம். அதில் யார் பெயர் இருக்கும், யார் பெயர் விட்டுப்போகும் என்பதை லிஸ்பனில் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். அந்த மூன்று தமிழர்களின் பெயர் இன்று நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், யாரோ அந்தப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள்.

அதனால் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தாரா, தேரிக்காட்டில் பனை ஏறினாரா, பாரி கம்பெனி சர்க்கரை ஆலைக்குப் போனாரா, தோணியில் இலங்கைக்குப் போனாரா, அந்தச் சின்ன ரயிலில் ஏறினாரா? பாட்டி என்ன வேலை செய்தார்? பெயர், ஊர், வேலை, தெரிந்த வருஷம், இதை மட்டும் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். நோட்டு வாங்கி வைத்துவிட்டேன். என் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் முதல் பக்கத்தில் தம்பி எழுதிவிட்டான். தசராவுக்கு ஊருக்கு வரும்போது நேரிலும் சொல்லலாம். பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன், பயப்படாமல் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்