தமிழ் எண் குறிகள் (கணினி உரையில்)

௧ முதல் ௯ வரையிலான தமிழ் எண்களையும், ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) ஆகியவற்றையும் கணினியில் எழுத ஒருங்குறி (யூனிகோடு) தரும் தனிக் குறிகள். பழைய முறையில் சுழியம் இல்லை. இருபத்தைந்தை ௨௰௫ என்றே எழுதினர். சுழியக் குறியான ௦ ஒருங்குறியில் 2005இல்தான் சேர்ந்தது.

சிக்கல் தோற்றத்தில் இருக்கிறது. முகவரி ஒன்றில் வீட்டு எண்ணைத் தமிழில் தட்டுபவர், ௭ கைக்கு அகப்படாமல் ‘எ’ என்ற எழுத்தைப் போட்டுவிடலாம். அச்சில் பார்ப்பவருக்குப் பெரிதாக வேறுபாடு தெரியாது. கணினிக்கோ முன்னதன் ஒருங்குறி எண் 3053, பின்னதன் எண் 2958. பைத்தான் நிரல்மொழி ௭ஐ 7 என்றே வாசிக்கும். ‘எ’யைக் கொடுத்தால் பிழை காட்டும். ௧–க, ௨–உ, ௮–அ இணைகளும் இப்படித்தான். ௫, ௬, ௯ இன்னும் மோசம்: அவற்றுக்குப் பதிலாகத் தட்டப்படும் ரு, சு, கூ ஒவ்வொன்றும் இரண்டு குறிகளால் ஆனது.

முந்திரி, மாகாணி போன்ற பின்னங்கள் 2019இல், ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில், தனித் தொகுதியாக இடம்பெற்றன. எழுத்துருவில் அவை இல்லையென்றால் திரையில் வெறும் கட்டமே தெரியும். தமிழ் எண்கள் நாட்காட்டிகளிலும் சில நூல்களின் பக்க எண்களிலும் இன்றும் வருகின்றன.