அலையும் அரங்கும்: அலைச்சறுக்குத் திரைப்படக் கூட்டங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கல்லிலும் ஏட்டிலும் பதியப்பட்டவற்றைக் கொண்டே வரலாறு எழுதிப் பழகியோர்க்குச் சில மனிதச் செயல்கள் பெருஞ் சங்கடத்தைத் தருவன. அலைச்சறுக்கல் அத்தகையது. ஒருவன் பலகையொன்றின்மீது நின்று அலையொன்றின் முகப்பிற் சில விநாடிகள் வழுக்கிச் செல்கிறான். அலை கரையில் உடைந்ததும் அச்செயலின் தடயம் முழுவதும் அழிந்துவிடுகிறது. கண்டவன் சொன்னாலன்றி அது நிகழ்ந்தமைக்குச் சான்றில்லை. இக்காரணத்தினாலேயே, கலிபோர்ணியக் கரையோரத்தில் 1950களில் தோன்றிய அலைச்சறுக்குத் திரைப்படங்களை வெறும் பொழுதுபோக்குப் படங்களாகக் கொண்டு ஒதுக்கிவிட இயலாது. அவை ஒரு சமூகத்தினர் ஒன்றுகூடி வாசித்த நினைவேடுகள். அந்த ஏட்டில் யார் இடம்பெற்றனர், யார் விடப்பட்டனர் என்னும் வினா அவற்றின் வரலாற்றோடு தொடக்கத்திலிருந்தே பிணைந்து வந்துள்ளது.

அலைச்சறுக்கலைப் பெருங்கலையாக வளர்த்தவர்கள் ஹவாய்த் தீவு மக்களாவர். அரச குடும்பத்தினரும் சாதாரண குடிகளும், ஆண்களும் பெண்களும் அதிற் பங்குகொண்டனர். 1778இல் கப்டன் குக்கின் கப்பல்கள் அங்கு சென்றபின் பரவிய நோய்களால் அம்மக்கள் தொகை பேரளவிற் குறைந்தது. மிஷனரிமாரின் ஒழுக்க நெறிகளும் பழைய விளையாட்டுக்களை ஊக்குவிக்கவில்லை. நலிந்திருந்த இக்கலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கீக்கிக் கரையிற் புத்துயிர் பெற்றது. 1912இல் ஒலிம்பிக் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்ற டியூக் கஹானமோக்கு அதனைப் பிற நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார். திரைப்படக் கருவியும் ஏறக்குறைய அதே வேளையில் அங்கு சென்றது. 1906இல் தோமஸ் எடிசனின் நிறுவனத்துக்காக றொபேட் பொனைன் என்பவர் வைக்கீக்கியில் அலைச்சறுக்குவோரைப் படம்பிடித்தார். எனினும் அது வெளியார் பார்வைக்கென எடுக்கப்பட்ட காட்சி. அலைச்சறுக்குவோர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள எடுத்ததன்று.

அம்மாற்றத்தை நிகழ்த்தியவர் பட் பிறவுண். தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் நீச்சல் அணித்தலைவராகவும் கடற்கரை உயிர்காப்பாளராகவும் பின்னர் பாடசாலை ஆசிரியராகவும் இருந்த அவர், ஹவாய்க்குச் சென்றபோதெல்லாம் எடுத்த படச்சுருள்களைத் தொகுத்து, 1953இல் சான்ரா மொனிக்கா நகரின் பாடசாலை மண்டபமொன்றிற் காட்டினார். நுழைவுக் கட்டணம் 65 சதம். முதலாவது வணிக அலைச்சறுக்குத் திரைப்படம் என அது இன்று கொள்ளப்படுகின்றது. 'வணிகம்' என்னும் சொல் இவ்விடத்திற் சற்றுப் பெரிது. படம்பிடித்தவரும், சுருளை வெட்டி ஒட்டியவரும், மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவரும், படத்தை விளக்கிப் பேசியவரும் ஒருவரே.

பிறவுணும் அவரைப் பின்பற்றியோரும் கையாண்ட 16 மில்லிமீற்றர்ச் சுருளில் அந்நாளிற் பெரும்பாலும் ஒலி இருக்கவில்லை. ஆதலால் படமெடுத்தவர் ஒலிவாங்கியுடன் மண்டபத்தில் இருந்து, இன்ன இடம், இன்ன நாள், பலகையில் நிற்பவர் இன்னார் என நேரிற் சொல்லிக்கொண்டு போவார். பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியொன்று இசையை வழங்கும். ஊமைப்படக் காலத்தில் திரையருகே நின்று கதை சொன்னவர்களை இது நினைவூட்டுகின்றது. ஆனால் இங்கு ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கேட்டுக்கொண்டிருந்தோர் கதை தெரியாதவர்களல்லர். திரையில் விழுந்தெழும்புபவன் சில சமயம் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தான். பேரலை தோன்றியதும் மண்டபம் கூவியது. ஒருவன் பலகையிலிருந்து வீழ்ந்ததும் ஓலமும் சிரிப்பும் ஒருங்கே எழுந்தன. கருவி பழுதுற்றுப் படம் நின்றாற் கூச்சல் இன்னும் ஓங்கியது. நாகரிகமான படமாளிகை முகாமையாளர் எவரும் இத்தகைய கூட்டத்தை விரும்பி வரவேற்றிருப்பார் என எண்ணுவதற்கில்லை.

இக்கூட்டங்கள் ஆற்றிய பணி யாது? கலிபோர்ணியக் கரை நீண்டது. ஒவ்வொரு குடாவிலும் சிறு குழுவினர் தத்தம் அலையுடன் வாழ்ந்தனர். பிற குழுவினரை அவர்கள் அறிந்தது குறைவு. ஹவாயின் வடகரையில் மாரிகாலத்தில் எழும் பேரலைகளைப் பற்றிப் பெரும்பாலானோர் செவிவழியாகவே அறிந்திருந்தனர். மாரியில் அங்கு எடுக்கப்பட்ட படம் பின்னர் ஊரூராகக் காட்டப்பட்டபோது, எப்படி நிற்பது, எவ்விடத்தில் திரும்புவது, யாரை மதிப்பது என்பன ஒரே இரவில் ஒரு மண்டபத்தாருக்குப் பொதுவாயின. ஜோன் செவர்சன் என்னும் ஓவிய ஆசிரியர் 1960இல் தமது படத்துடன் விற்பதற்கென 36 பக்கங்களில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். 'த சேர்பர்' எனப் பெயரிடப்பட்ட அந்நூலே பின்னர் புகழ்பெற்ற சஞ்சிகையாக வளர்ந்தது. ஒரு சமூகத்தின் பத்திரிகை அதன் திரைப்படக் கூட்டத்தின் வாயிலிலே பிறந்தது என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 1959இல் வெளியான 'கிட்ஜெற்' முதலிய ஹொலிவூட் படங்கள் பெருந்தொகையினரைக் கடற்கரைக்கு ஈர்த்தன என்பது உண்மையே. ஆயினும் பழைய அலைச்சறுக்குவோர் அவற்றை எள்ளி நகையாடினர். தமது படம் எது என்பதில் அவர்களுக்கு ஐயமிருக்கவில்லை.

புரூஸ் பிறவுண் (முன்னவரின் உறவினரல்லர்) 1958இல் தமது முதற்படத்தை எடுத்தார். பலகை உற்பத்தியாளரான டேல் வெல்சி அதற்குப் பொருளுதவி செய்தார். 1963இல், மைக் ஹின்சன், றொபேட் ஓகஸ்ற் என்னும் இரு கலிபோர்ணிய இளைஞருடன், கோடையைத் துரத்தி உலகைச் சுற்றும் 'த என்ட்லெஸ் சமர்' படத்துக்கான பயணத்தை அவர் மேற்கொண்டார். 1964இல் கரையோர மண்டபங்களிற் பழைய முறைப்படியே அது காட்டப்பட்டது. கடலுக்கு அப்பாலுள்ளோர் இதனைப் பாரார் என விநியோகத்தர்கள் மறுத்தபோது, கடலே இல்லாத கன்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகரில் உறைபனிக் காலத்தில் அதனைத் திரையிட்டு அவர் மண்டபத்தை நிரப்பிக் காட்டினார். 1966இல் நியூ யோர்க்கில் வெளியாகிப் பல மாதங்கள் ஓடிய அப்படம், 2002இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது.

இப்படத்தின் இனிமையை மறுப்பதற்கில்லை. எனினும், தம் கூட்டத்தினரிடையே கூறும் வேடிக்கைப் பேச்சு உலகத்தாருக்குக் கூறும் வரலாறாக மாறும்போது நேரும் பிழையை அதிலே தெளிவாகக் காணலாம். கானாவின் கரையில் இவ்விளைஞர் அலைச்சறுக்கும் காட்சியை, அங்கு முன்னர் எவரும் அவ்வாறு செய்ததில்லை என்னும் பொருள்பட விவரணம் கூறுகின்றது. சூழ நிற்கும் ஆபிரிக்கர் வியப்புறும் பார்வையாளராகின்றனர். உண்மையோ வேறு. பொற்கரை எனப்பட்ட அதே பகுதியில் 1640களில் இருந்த மிக்கேல் ஹெமர்சாம் என்னும் ஜேர்மானியர், பிள்ளைகளைப் பலகையிற் கட்டிக் கடலிற் பழக்குவதை எழுதிவைத்துள்ளார். 1837இல் வெளியான தமது பயண நூலில் ஜேம்ஸ் அலெக்சாண்டர், அக்ரா நகரச் சிறுவர் இலேசான பலகைகளை வயிற்றின்கீழ் வைத்து நீந்திச் சென்று, அலைக்காகக் காத்திருந்து, அதன்மீது கரைக்கு விரைந்து வந்ததை விவரித்துள்ளார். கலிபோர்ணியாவில் அலைச்சறுக்கல் என்னும் பேச்சே எழாத காலம் அது. சான்று இருந்தது, மண்டபத்தில் அதனை எடுத்துச் சொல்வோர் இருக்கவில்லை.

தென்னாபிரிக்கப் பகுதி இன்னும் கடுமையான வினாவை எழுப்புகின்றது. கேப் சென் பிரான்சிஸ் என்னுமிடத்தின் அலைகளே அப்படத்தின் உச்சம். பொது இடங்களை நிறவாரியாகப் பிரிப்பதற்கு 1953இலேயே அந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. விவரணமோ சுறாக்களும் கடற்பன்றிகளும் கலந்து வாழாமை பற்றிய ஒரு நகைச்சுவையுடன் அவ்விடயத்தைக் கடந்துவிடுகின்றது. அந்நகைச்சுவையின் பொருளை 1970களின் முற்பகுதியில் ஹவாயைச் சேர்ந்த எடி ஐக்காவ் தம் உடலால் அறிந்தார். டேர்பன் நகரில் நடந்த போட்டிக்குச் சென்ற அவருக்கு, தோலின் நிறம் காரணமாக விடுதியில் இடம் மறுக்கப்பட்டது. இக்கலையை உலகுக்கு அளித்த மக்களுள் ஒருவர் அவர்.

மண்டபக் கூட்டங்கள் இதற்கிடையே வேறு வடிவங்களைப் பெற்றன. அவுஸ்திரேலியாவில் அல்பேட் பால்சன் எடுத்து 1972இல் வெளிவந்த 'மோர்னிங் ஒவ் த ஏர்த்' விவரணத்தை முற்றாக நீக்கிப் பாடல்களால் மாத்திரம் இயங்கியது. பாலித் தீவின் உலுவாற்று அலைகளை உலகுக்குக் காட்டியதும் அதுவே. 1980களில் வீடியோ நாடா வந்தது. படத்தைத் தனியே வீட்டில் இருந்து பார்க்கலாம் என்ற நிலையில், வாடகை மண்டபங்களும் கம்பங்களில் ஒட்டிய சுவரொட்டிகளும் அருகின. படங்கள் எண்ணிக்கையிற் பெருகின. கூவுவதற்கு மாத்திரம் பக்கத்தில் ஆளில்லை. அவ்விழப்பை உணர்ந்தோரே பிற்காலத்தில் அலைச்சறுக்குத் திரைப்பட விழாக்களைத் தோற்றுவித்தனர் எனலாம். நியூ யோர்க்கில் 2008இலும் இலண்டனில் 2011இலும் இவை தொடங்கின. கடலலையே எட்டாத இலண்டனில் இத்தகைய விழா எழுந்தமை விச்சிற்றாவின் கதையை நினைவுபடுத்துகின்றது.

இவ்விழாக்களுள் வரலாற்று மாணவன் நின்று நோக்கவேண்டியது டேர்பனில் நிகழ்ந்ததேயாகும். அந்நகரின் பே ஒவ் பிளென்ரி கடற்கரை அலைச்சறுக்குப் போட்டிகளுக்குப் பேர்போனது. நிறவெறி ஆட்சியில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டது. சூலு மக்கள் மட்டுமன்றி, 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர், தெலுங்கர் முதலியோரின் வழித்தோன்றல்களும் அத்தகைய கரைகளிலிருந்து விலக்கப்பட்டனர். 1989 நவம்பரிலேயே நாட்டின் கடற்கரைகளை அனைவருக்கும் திறந்துவிடுவதாக டி கிளார்க் அறிவித்தார். பின்னாளில் வேவ்ஸ்கேப் என்னும் அலைச்சறுக்குத் திரைப்பட விழா, டேர்பன் சர்வதேசத் திரைப்பட விழாவுடன் இணைந்து, அக்கடற்கரையின் புற்றரையிலே திரையை நிறுத்திக் கட்டணமின்றிப் படங்களைக் காட்டியது. 2011இல் அச்சர்வதேச விழா 'ஒத்தெல்லோ பேர்னிங்' என்னும் படத்துடன் தொடங்கியது. சாரா பிளெச்சர் நெறிப்படுத்திய அது, 1980களின் இறுதியில் லமொன்ற்வில் என்னும் கறுப்பினக் குடியிருப்பின் இளைஞர்கள் அலைச்சறுக்கக் கற்றுக்கொண்ட கதையைக் கூறுவது. அவ்விளைஞர்கள் திரையிற் பேசும் மொழி சூலு.