மரபுவழிப் பொருளாதாரத்தில் அரசு: சோழ நாடு

இன்னது விளைவிக்க வேண்டும், இன்ன விலைக்கு விற்க வேண்டும் என்று ஆணையிட முற்படாமல், நிலத்தை அளந்து, தரம் வகுத்து, தனக்குரிய பங்கை நெல்லாகவும் பொன்னாகவும் பெற்றுக்கொண்டு, எஞ்சிய காரியங்களில் பெரும்பாலானவற்றை ஊராரின் வழக்கத்துக்கே விட்டுவிடும் அரசமுறைக்குச் சோழ ராஜ்யம் தக்க உதாரணமாகும். முதலாம் இராஜராஜன் ஏறத்தாழ 1001-இல் நாட்டை அளப்பித்தது இவ்வரி நிர்வாகத்துக்கு அஸ்திவாரமாயிற்று.

அவ்வாறு ஊராரிடம் விடப்பட்ட காரியங்களுள் ஒன்று பாசன ஏரி; அதைப் பேணும் அன்றாடப் பொறுப்பு ஊர்ச் சபையினுடையது. முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) உத்தரமேரூர்க் கல்வெட்டுகளின்படி, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதப் பயிற்சியும் உடையவர்களின் பெயர்களை ஊரின் 30 குடும்புகளிலும் (வட்டாரங்களிலும்) ஓலையில் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளிருப்பது இன்னதென்றறியாத பாலகன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியப் பெருமக்களை, அதாவது சபையின் செயற்குழுக்களின் உறுப்பினரை, தேர்ந்தனர். அவர்களுள் அறுவர் ஏரி வாரியத்தார். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. இவ்விதிகளை வகுத்தபோது அரசனின் அதிகாரி உடனிருந்தான் என்பதும் கவனிக்கத்தக்கது. இத்தேர்வு முறையைக் குடியாட்சி என்று கொண்டாடுவோர், இது பிராமணச் சபை என்பதையும், உழுத கூலியாளின் பெயர் அக்குடத்தில் விழ வழியே இல்லை என்பதையும் ஏனோ எளிதில் மறந்துவிடுகின்றனர்.

வணிகத்தில் அரசின் கை பெரும்பாலும் சுங்கத்தோடு நின்றது. அதையும் நீக்கியமையால் முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப்பட்டான். நிலவரியோ தொடர்ந்து தண்டப்பட்டது.