காதுவில்லையும் கிளினிக் அட்டையும்

தமிழ்நாட்டுக் கிராமத்து மாட்டின் காதில் மஞ்சள் வில்லை ஒன்று தொங்கும். அதில் 12 இலக்க எண். மலேசியாவின் ரவாங் தாமான் வீட்டுப் பூனையின் நோய் வரலாறோ, வளர்ப்பவரின் கைப்பேசி எண்ணுக்குக் கீழே, கிளினிக் அலமாரியில் ஓர் அட்டையாகக் கிடக்கும். வசதி ரவாங்கில்தான் அதிகம். பதிவில் மட்டும் மாடு ஒரு படி மேல் என்பேன்.

தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய கணினிப் பதிவில் அந்த எண்ணை அடித்தால், சினை ஊசி போட்ட நாள், கன்று ஈன்ற நாள், 2019இல் தொடங்கிய தேசியத் திட்டப்படி ஆறு மாதத்துக்கொரு முறை போடும் கோமாரித் தடுப்பூசி எல்லாம் வரவேண்டும். மாடு சந்தையில் கைமாறினாலும் எண் மாறாது. வில்லை அறுந்து விழுவதுண்டு. புது எண்ணைப் பழையதோடு இணைக்க மறந்தால் மாட்டுக்கு மறுபிறவிதான்!

கிளினிக் அட்டை மனிதரைச் சேர்ந்தது. கணவர் கொண்டுவந்தால் ஓர் அட்டை, மனைவி கொண்டுவந்தால் இன்னொன்று. நாய் என்னவோ ஒரே பிளாக்கிதான். செலாயாங் நகராண்மைக் கழகத்தின் நாய் லைசன்ஸ் இருந்தாலும், அது நோயைப் பற்றிப் பேசாது. 15 இலக்க மைக்ரோசிப்பும் எண்ணை மட்டுமே சொல்லும்; அதை அட்டையில் எழுதாவிட்டால் தோலுக்கடியில் சும்மா கிடக்கும்.

ஆனால் வைத்தியம் என்று வந்தால் அட்டைதான் ஆழம். மாட்டின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் என்ன நினைத்தார் என்பதற்குக் காதுவில்லைப் பதிவில் பெரிதாக இடமில்லை. 1968இல் லாரன்ஸ் வீட் மனித மருத்துவத்துக்காக முன்வைத்த பதிவு முறையிலிருந்து வந்த நான்கு பகுதிகளைக் கால்நடை மருத்துவரும் எழுதுகிறார்: வளர்ப்பவர் சொன்னது, தான் கண்டது, தன் கணிப்பு, செய்யப்போவது. அவசரத்தில் அது ‘வாந்தி, ஊசி’ என்று சுருங்கிவிடும். எந்த ஊசி? எத்தனை மில்லி? முதலில் விடுபடுவது எடை. 4.8 கிலோ பூனை மூன்று மாதத்தில் 4.1 ஆனால், உடம்பில் ஏழில் ஒரு பங்கு போயிருக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. இரண்டு எண்களும் அடுத்தடுத்து இருந்தால்தான் சிறுநீரகத்தைச் சோதிக்கத் தோன்றும்.

ஆகவே, கிளினிக்குக்கு எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம், முதலில் முகப்பு மேசையில் சிப் ரீடரையும் தராசையும் வையுங்கள் என்பேன். இன்றுள்ள அட்டைகளை அப்படியே கணினியில் ஏற்றினால், அங்கேயும் பிளாக்கி இரண்டு நாய்களாகத்தான் இருக்கும்.