சில்லறையின் முகம்: ரோமச் செப்புக்காசுகள் குறித்துச் சில குறிப்புகள்

ரோமக் காசு என்றதும் நம்ம ஆட்களுக்குத் தங்கம்தான் ஞாபகத்துக்கு வரும். 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கிடைத்த 501 பொற்காசுகள், அவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் விழுந்திருக்கும் உளிவெட்டு, இந்தியாவுக்குப் பணம் போகிறதே என்ற பிளினியின் புலம்பல். வணிகம், பேரரசு, செல்வம் எனும் பெருங்கதையாடலுக்கு இவை தோதானவை. ஆனால் ஆகஸ்டஸ் காலக் கணக்குப்படி அந்தப் பொற்காசு ஒன்றை மாற்றினால் 25 தெனாரியஸ். தெனாரியஸ் ஒன்றுக்கு 16 ஆஸ். ஆஸ் ஒன்றுக்கு நான்கு குவாட்ரன்ஸ். ஆக ஒரு பொற்காசுக்கு 1600 குவாட்ரன்ஸ். ரோமில் பொதுக்குளியலுக்குப் போகிறவன் கையில் இருந்தது இந்த ஆயிரத்து அறுநூறில் ஒன்றுதான்.

குவாட்ரன்ஸ் என்றால் 'கால்' என்று பொருள். நம்ம காலணாவேதான். காலணா பெறாதவன் என்று நாம் வைகிற மாதிரி அவர்களும் வைதிருக்கிறார்கள். கி.மு. 56இல் கேலியுஸுக்காக வாதாடிய சிசரோ, குளோடியா என்ற உயர்குடிப் பெண்ணைக் குளியல்காரனோடு முடிச்சுப்போட்டுக் கேலி செய்ய இந்தக் காசின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். சில்லறைத்தனம் என்ற சொல்லில் இருக்கும் வர்க்கப் பார்வையும் பால் பார்வையும் அவருடைய பேச்சிலும் ஒருசேர இயங்குவது கவனத்திற்குரியது.

இந்தக் காசில் இன்னொரு விசேஷம். பெரும்பாலான குவாட்ரன்ஸ்களில் பேரரசர் முகம் கிடையாது. கிளாடியஸ் காலத்தது ஒன்றில் தானியம் அளக்கும் மரக்கால். இன்னொன்றில் தராசு பிடித்த ஒரு கை. காலிகுலாவின் காசில் (கி.பி. 39-41) விடுதலையடைந்த அடிமை அணியும் குல்லாய், மறுபுறம் ஆர்.சி.சி. என மூன்று எழுத்துகள். ஏல விற்பனை மீதான இருநூற்றில் ஒரு பங்கு வரியை நீக்கிவிட்டோம் என்ற அறிவிப்பு அது. செனட் வர்க்கத்தைச் சார்ந்த வரலாற்றாசிரியர்கள் பைத்தியக்காரன் என்று எழுதிவைத்த அரசன், சந்தைக்காரன் கைக்கு அனுப்பிய துண்டுப்பிரசுரம் இது. இதனாலேயே சில்லறைக்காசை மக்களின் குரல் என்று கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம். பேசுவது அரசுதான், ஆள் பார்த்துப் பேசுகிறது, அவ்வளவே.

நான்காம் நூற்றாண்டுக்கு வந்தால் பேச்சு இன்னும் உரத்துக் கேட்கிறது, காசோ சுருங்கிக்கொண்டே போகிறது. டயோக்ளீஷியன் 294 வாக்கில் வெளியிட்ட செப்புக்காசு சுமார் 10 கிராம். 330களில் 'படையின் புகழ்' என்று பொறித்து வந்த காசு இரண்டரை கிராம், அப்புறம் ஒன்றரை. 348இல் 'நற்காலம் மீண்டது' என்ற வாசகத்தோடு ஒரு புது வரிசை. அதில் மிகப் பரவலான படம், குதிரையிலிருந்து விழுந்தவனை ரோம வீரன் ஈட்டியால் குத்துவது. யாருக்கு நற்காலம் என்பது படத்திலேயே இருக்கிறது. 445இல் ஒரு பொன் சாலிடஸை 7000 நும்முஸுக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று சட்டம் போட வேண்டி வந்தது. ஏழாயிரம் காசை எவன் எண்ணுவான்?

இவற்றில் பலவற்றுக்கு அன்று என்ன பெயர் வழங்கியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறு. ஆகவே சேகரிப்பாளர்கள் விட்டத்தை அளந்து எண் கொடுத்துவிட்டார்கள்: 25 மில்லிமீட்டருக்கு மேல் ஏஇ 1, பதினேழுக்குக் கீழ் ஏஇ 4. பெயரிழந்து அளவாக மட்டும் மிஞ்சுவது சில்லறைக்கு நேர்வதுதான்.

சேகரிப்பு என்ற செயலின் கருத்தியலை இந்த இடத்தில்தான் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது. சந்தையில் விலை, தேயாத காசுக்கு. தேயாத காசு என்றால் அதிகம் புழங்காத காசு. கையிலிருந்து கைக்கு மாறி, வாசகம் அழிந்து, முகம் வழவழத்துப்போனதை மட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வாழ்ந்தது என்னவோ அதுதான். தங்கத்தைப் புதைத்துவைத்தான், ஆகவே புதையலாகக் கிடைக்கிறது. செப்பு கைதவறி விழுந்தது, குனிந்து தேட யாருக்கும் பொறுமையில்லை. ஆகவே சிதறிக் கிடைக்கிறது. சிதறிய காசு எந்த அடுக்கில், எந்தத் தரையில் கிடந்தது என்பதே அதன் பாதி வரலாறு. மண்ணோடு அள்ளி, கழுவாத காசு என்று மொத்தமாக விற்கும்போது அந்தப் பாதி போய்விடுகிறது. இத்தாலியிலிருந்து வரும் பழங்காசுகளுக்கு 2011இலும் பல்கேரியக் காசுகளுக்கு 2014இலும் அமெரிக்கா இறக்குமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது காசுச் சங்கங்கள் சுதந்திரம் பறிபோவதாகக் கூச்சலிட்டன. அது யாருடைய சுதந்திரம் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு வகை உண்டு. 350களில் பிரித்தானியாவிலும் காலியாவிலும் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது உள்ளூர்க்காரர்களே அந்தக் குதிரைவீரன் காசை அடித்துக்கொண்டார்கள். எழுத்துத் தெரியாத கை பொறித்த வாசகம் வெறும் கோடுகளாகிறது, ஈட்டி குச்சியாகிறது. சேகரிப்பாளர் அகராதியில் இதற்குக் 'காட்டுமிராண்டிக் காசு' என்று பெயர். கள்ளக்காசு என்றும் சொல்வார்கள். கள்ளத்தனம் லாபத்துக்குச் செய்வது. இவ்வளவு சின்னக் காசில் லாபம் என்ன பெரிய லாபம்? ரொட்டிக் கடையில் மீதி கொடுக்கச் சில்லறை வேண்டியிருந்தது. நற்காலம் மீண்டது என்ற அரசின் பிரதி இப்படி வாசிக்கமுடியாத கோடுகளாக மாறியபின்னும் காசு செல்லுபடியாயிற்று. நம்பிக்கை வாசகத்தில் இல்லை, கொடுக்கல் வாங்கலில் இருந்தது.

இந்தக் கதை நம்ம பக்கமும் வருகிறது. மதுரையில் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக்காசுகளைக் கண்ட ராபர்ட் சீவல், 1904இல், அங்கே ரோமர் குடியிருப்பு இருந்திருக்கலாம் என்று ஊகித்தார். சில்லறையைத் தூரதேசத்துக்கு எவனும் சரக்காகக் கொண்டுபோக மாட்டான், புழங்கியவன் ரோமனாகத்தான் இருக்கவேண்டும் என்ற தர்க்கம். உள்ளூர்க்காரன் அந்நியக் காசைத் தன் சில்லறையாக்கிக்கொள்ள முடியும் என்பது அதற்குள் அடங்கவில்லை. கரூர், மதுரைக் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூலாகவே பதிவுசெய்தார். இலங்கையில் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றுடன் அங்கேயே செய்த நகல்களும் ஏராளம். நகல் செய்தவனுக்கு ரோமில் யார் ஆண்டால் என்ன. சந்தை நாளுக்குக் காசு போதவில்லை, அச்சு தயாரித்துக்கொண்டான்.