பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கையில் மனநிறைவைத் தருவது எது?

பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி, "இன்றைக்கு என்ன மார்க்?" என்பதுதான். வகுப்பறையில் பிள்ளை நிம்மதியாக இருக்கிறதா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஆனால் படிப்பு நிலைப்பதற்கு அந்த நிம்மதியும் தேவை.

தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி., 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் 3,79,842 மாணவர்களிடம் கருத்துக் கேட்டது. 73 சதவீதம் பேர் பள்ளி வாழ்க்கை திருப்தியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் 9ஆம் வகுப்புக்கு மேல் இந்தத் திருப்தி குறைந்திருந்தது. படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு ஆகியவையே கவலைக்குக் காரணம் என்றவர்கள் 81 சதவீதம். கேள்வி கேட்கத் தயங்குவதாகச் சொன்னவர்கள் 28 சதவீதம்.

அப்படியானால் தேர்வுகளைக் குறைத்தால் போதுமா? 15 வயது மாணவர்களிடம் 2015இல் நடத்தப்பட்ட பீசா ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. இந்தியா பங்கேற்காத அந்த ஆய்வில் 72 நாடுகளைச் சேர்ந்த சுமார் 5,40,000 பேர் கலந்துகொண்டனர். நன்றாகத் தயாரான பிறகும் தேர்வு என்றால் பதற்றம் வருகிறது என்று 55 சதவீதம் பேர் கூறினர். ஆனால் அந்தப் பதற்றத்துக்குத் தேர்வுகளின் எண்ணிக்கையோடு பெரிய தொடர்பு இல்லை. ஆசிரியர் தமக்குத் துணை நிற்கிறார் என்ற உணர்வோடுதான் அது தொடர்புபட்டிருந்தது.

ஆசிரியர்

பாடம் புரியாதபோது ஆசிரியர் உதவுவார் என்று நம்பும் மாணவரிடம் பதற்றம் குறைவு. கேட்டால் திட்டு விழும், சக மாணவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் இருக்கும் வகுப்பில் சந்தேகங்கள் மனதிலேயே தங்கிவிடுகின்றன.

நண்பர்கள்

பட்டப்பெயர், கேலி, ஒதுக்கி வைத்தல், அடி ஆகியவை பிள்ளையின் மனதைக் கடுமையாகப் பாதிக்கின்றன. மாதத்தில் சில முறையாவது இப்படிப்பட்ட துன்பத்துக்கு ஆளாவதாக பீசா ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கூறினார். பிள்ளை திடீரெனப் பள்ளிக்குப் போக மறுத்தால், சோம்பல் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை விசாரிக்க வேண்டும்.

வீடு

பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவது, சேர்ந்து சாப்பிடுவது, பள்ளியில் நடந்ததைக் கேட்பது ஆகிய எளிய பழக்கங்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகள் கூடுதல் மனநிறைவோடு இருந்தார்கள் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. வாப்பா வளைகுடாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பாவது மார்க் பற்றிய விசாரணையாக இல்லாமல், பிள்ளை பேச வாப்பா கேட்பதாக அமையட்டும்.

உறக்கம்

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. அதிகாலை டியூஷனும் இரவு மொபைலும் சேர்ந்து இதைப் பறித்துவிடக் கூடாது.

பெற்றோர் செய்யக்கூடியவை

பெற்றோர் கூட்டத்தில் மார்க் பட்டியலோடு திரும்பிவிடாமல், "என் பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்கிறதா? யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறது?" என்றும் கேளுங்கள். உறவினர் பிள்ளைகளோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். உறக்கம், உணவு, பேச்சு ஆகியவற்றில் மாற்றம் சில வாரங்கள் நீடித்தால் மனநல ஆலோசகரை அணுகுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டுமே கட்டணமில்லாதவை.

மார்க் குறைந்த நாளிலும் பயமில்லாமல் வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்ல முடிகிற பிள்ளைக்கு, அடுத்த தேர்வை எதிர்கொள்ளும் தைரியமும் இருக்கும்.