காவலூர் சேர்ந்த தொலைநோக்கி

திருவண்ணாமலை என்றவுடன் கார்த்திகைத் தீபம் நம் நினைவில் எழுகிறது. 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் கொப்பரையில் ஏற்றப்படும் சுடரைக் காண லட்சக்கணக்கான மக்கள் கூடுகின்றனர். அவர்களுள் சற்றே கிழக்கு நோக்கித் திரும்புவோர் மற்றொரு காட்சியையும் காணலாம். மாலை மயங்கும் வேளையில் வளர்ந்து நிறைந்த மதியும், அதன் அருகே கார்த்திகை மீன்கூட்டமும் கீழ்வானில் எழுகின்றன. இவ்விரண்டின் சேர்க்கையே விழாவின் நாளைக் குறித்துத் தருகிறது. ஆகவே வானத்தை நிமிர்ந்து பார்ப்பது இவ்வூருக்குப் புதிதன்று.

இவ்வூருக்கு வடமேற்கே, நேர்கோட்டில் அளந்தால் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், ஜவ்வாது மலைக் காட்டினுள் காவலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரமுள்ள அவ்விடத்தில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் அமைந்துள்ளது. அங்குள்ள தொலைநோக்கிகளுள் பெரியதன் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. 1986 ஜனவரி 6ஆம் நாள் அது வைணு பாப்பு அவர்களின் பெயரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மாணவ நண்பர்களே, இத்தகைய நிலையத்தை யார் உண்டாக்கினார்கள் என்று வினவினால், அரசாங்கமும் விஞ்ஞானிகளும் என்று நீங்கள் உடனே விடை கூறுவீர்கள். அது உண்மையே. ஆயினும் அந்த விடைக்குப் பின்னால் மற்றொரு வரலாறு இருக்கிறது. பதவிக்காகவோ ஊதியத்துக்காகவோ இன்றி, ஆசையினால் மட்டுமே வானத்தைப் பார்த்தவர்களின் வரலாறு அது. அதைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அதிகாரிகளுள் வில்லியம் பெட்ரி என்பவர் ஒருவர். அவர் 1786ஆம் ஆண்டில் எழும்பூரில் தம் சொந்த முயற்சியாலேயே ஒரு சிறு வானாய்வு நிலையம் வைத்திருந்தார். பின்னர் தம் கருவிகளைக் கம்பெனிக்கு அளித்தார். அவற்றை வைத்துத் தொடங்கிய சென்னை வானாய்வு நிலையத்துக்கு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. அதன் கருங்கல் தூண் ஒன்று தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் பொறித்த எழுத்துக்களோடு இன்றும் அங்கே நிற்கிறது. அந்த நிலையத்தின் மரபு 1899இல் கொடைக்கானலுக்குச் சென்றது. அங்கிருந்து 1960களில் ஜவ்வாது மலைக்கு வந்தது. காவலூரின் கொடிவழியைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், முதலில் நிற்பவர் ஓர் ஆர்வலரே.

அந்தச் சென்னை நிலையத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் தென்வானத்து ரெடிக்குலம் என்னும் மீன்கூட்டத்திலுள்ள ஒரு விண்மீனின் ஒளி கூடியும் குறைந்தும் வருவதை அவர் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் சூரிய வட்டத்தின் குறுக்கே கடந்து செல்லவிருந்தபோது, பொதுமக்களும் அதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நூல் எழுதி, அதை இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். பஞ்சாங்கக் கணிதம் கண்ணால் காணும் வானத்தோடு பொருந்த வேண்டும் என்றும் வற்புறுத்தினார். ஊதியம் பெற்ற பணியாளர்தாம். ஆயினும் பணி நேரம் முடிந்த பிறகும் முடியாத ஆவல் அவருக்கு இருந்தது.

இனி, நம் கதையின் நடுநாயகமாக விளங்குபவரிடம் வருகிறேன். அவர் தமிழ்நாட்டவர் அல்லர். வங்காளத்தின் ஜெசோர் நகரத்தில், இன்று வங்கதேசத்தில் உள்ள ஊரில், 1878இல் பிறந்தவர். ராதா கோவிந்த சந்திரர் என்பது அவர் பெயர். பள்ளி இறுதித் தேர்வில் மும்முறை தோல்வியுற்றார். அரசாங்கக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்துப் பார்க்கும் எளிய வேலை அவருக்குக் கிடைத்தது. பகலெல்லாம் நாணயம் பார்த்த கண்கள், இரவில் விண்மீன் பார்த்தன. 1910இல் ஹாலி வால்வெள்ளி தோன்றியபோது அவருடைய ஆர்வம் மூண்டெழுந்தது. பிறகு இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்துக்கொண்டார். 1918 ஜூன் மாதத்தில் கழுகு மீன்கூட்டத்தில் ஒரு விண்மீன் திடீரெனப் பேரொளியோடு வெடித்தெழுந்தது. உலகின் வேறு பல இடங்களில் அதைக் கண்டவர்களைப் போலவே, சந்திரரும் ஜெசோரில் தாமாகவே அதைக் கண்டார்.

அச்செய்தி அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தை எட்டியது. மாறுவிண்மீன்களை நோக்கும் ஆர்வலர்களுக்கென்று 1911இல் அந்நாட்டில் தோன்றிய கழகத்தில் சந்திரர் சேர்ந்தார். மாறுவிண்மீன்கள் என்பவை ஒளி கூடியும் குறைந்தும் வருபவை. சில, நாட்கணக்கிலும், சில, மாதக்கணக்கிலும் மாறுகின்றன. அவற்றை அளப்பதற்குப் பெரிய சாதனம் தேவையில்லை. அருகிலுள்ள, ஒளி மாறாத இரண்டு விண்மீன்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று சற்றே பிரகாசமானது, மற்றது சற்றே மங்கியது. நாம் பார்க்கும் மீன் இவ்விரண்டுக்கும் இடையில் எந்த அளவில் நிற்கிறது என்று மதிப்பிட்டு, நாளையும் நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். அவ்வளவே.

ஒரு குறிப்பால் ஒன்றும் விளங்காது. ஆயிரம் குறிப்புகள் சேர்ந்தால் அந்த விண்மீனின் மூச்சுப்போக்கே தெரிந்துவிடும். பெரிய தொலைநோக்கிகள் சிலவே. அவற்றில் வேலை செய்யக் கிடைக்கும் இரவுகளும் சிலவே. ஒரே மீனை ஆண்டுக்கணக்கில் தொடர்வதற்கு அவற்றால் இயலாது. மேலும், அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது ஜெசோரில் இரவு. அங்கே விட்டுப்போகும் இடைவெளியை இங்கிருந்து ஒருவர் நிரப்ப முடியும். அந்த இடைவெளியை நிரப்பிய மனிதர் நம் கருவூல ஊழியர். அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000க்கும் மேற்பட்டவை. அவருடைய உழைப்பைக் கண்ட அமெரிக்கக் கழகத்தார் 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பிவைத்தனர். பிரெஞ்சு அரசாங்கமும் அவருக்குச் சிறப்புச் செய்தது.

தேசப் பிரிவினைக்குப் பின் சந்திரர் ஜெசோரை விட்டு மேற்கு வங்காளத்துக்குக் குடிபெயர்ந்தார். கண்ணும் உடலும் தளர்ந்த முதுமையில் அவர் அத்தொலைநோக்கியைக் கைவிட நேர்ந்தது. அது வைணு பாப்பு அவர்களிடம் வந்துசேர்ந்தது. அவர் வழியாகக் காவலூரை அடைந்தது. பட்டம் பெறாத ஒருவர் கைபட்ட கருவி, நாட்டின் பெரிய வானாய்வு நிலையத்தில் இடம் பெற்றது எத்துணை பொருத்தம்!

அதைப் பெற்றவரும் அந்த மரபில் வந்தவரே. ஹைதராபாத்தில் ஜாபர் ஜங் என்னும் நவாப், 1901இல் தம் விருப்பத்தால் ஒரு வானாய்வு நிலையம் நிறுவினார். பின்னர் நிஜாமியா என்று பெயர் பெற்ற அந்த நிலையத்தில் பாப்புவின் தந்தையார் பணிபுரிந்தார். 1927இல் பிறந்த பாப்பு மாணவராக இருக்கும்போதே மாறுவிண்மீன்களைத் தாமே நோக்கிக் கட்டுரைகள் எழுதினார். ஹார்வர்டில் பயிலச் சென்றபின், 1949 ஜூலை 2ஆம் நாள், தாம் எடுத்த நிழற்படத் தகட்டில் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டார். அதை உறுதிசெய்ய உதவிய பேராசிரியர் பார்ட் போக், மாணவர் கோர்டன் நியூகர்க் ஆகியோரின் பெயர்களோடு அவர் பெயரும் அவ்வால்வெள்ளிக்கு வழங்குகிறது. 1960இல் கொடைக்கானல் நிலையத்தின் இயக்குநரான அவர், இரவு வானத்தை ஆராய இருளும் தெளிவும் உடைய இடம் தேடி, காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1968இல் நிறுவிய முதல் தொலைநோக்கி 38 சென்டிமீட்டர் விட்டமே உடையது. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்டது. 1982இல் பாப்பு மறைந்தார். தாம் கனவு கண்ட பெரிய தொலைநோக்கி வானத்தை நோக்கித் திரும்பியதை அவர் காணவில்லை.

1972இல் காவலூருக்கு ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் அருகே கடந்து சென்றபோது, ஜே. சி. பட்டாசார்யா, குப்புசாமி ஆகிய இருவரும் அத்தொலைநோக்கியால் அம்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். கோள் நெருங்குவதற்கு முன்பே ஒளி சட்டென்று தாழ்ந்து மீண்டது. யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று மறைத்திருக்கலாம் என்று முதலில் கருதினர். பிற நாட்டார் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, மறைத்தவை அக்கோளைச் சூழ்ந்த வளையங்கள் என்று தெளிவாயிற்று. அவர்கள் செய்ததும், ஜெசோரில் சந்திரர் செய்ததும் அடிப்படையில் ஒன்றே: ஒரு மீனின் ஒளி ஏறி இறங்குவதைக் கண் அயராமல் பார்த்துக் குறித்துவைத்தல்.

அந்தக் காலம் போய்விட்டது, இனி எல்லாம் செயற்கைக்கோள்களின் வேலை என்று சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மீன் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் தன் இயல்பான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அம்மீன் வெளியே வீசிய பொருள் குளிர்ந்து தூசாகி ஒளியை மறைத்தது என்று அறிஞர்கள் பின்னர் விளக்கினர். அது வழக்கத்துக்கு மாறான மங்கல் என்று உடனே தெரிந்தது எப்படி? பல்லாண்டுகளாக ஆர்வலர்கள் எழுதிவைத்த குறிப்புகள் இருந்தமையால்தான்.

ஆனால் இப்பணிக்கு இன்றியமையாதது ஒன்று உண்டு, அது இருள். ஊர்கள் வளர்கின்றன, விளக்குகளும் பெருகுகின்றன. வேண்டாத இடத்தில் மேல்நோக்கிச் சிதறும் ஒளி, மங்கிய மீன்களை நம் கண்ணிலிருந்து அழித்துவிடுகிறது. காவலூரைத் தேர்ந்ததே அதன் இருளுக்காக. தெருவிளக்குக்கு மேல்மூடியிட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் நடப்பவருக்கும் நன்மை, நோக்குபவருக்கும் நன்மை. இதை ஊராட்சிகளிடம் எடுத்துரைப்பதும் வானநூல் ஆர்வலர்களின் கடமை என்பது என் கருத்து.

இளைஞர்களே, நீங்கள் தொடங்குவதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழி மாத இரவுகளில் கீழ்வானைப் பாருங்கள். முதலில் கார்த்திகைக் கூட்டம் எழும். அதைத் தொடர்ந்து செந்நிற ரோகிணி. அதற்கும் பின்னர்ச் செந்நிறத் திருவாதிரை. மூன்றும் நன்கு மேலேறிய பிறகு, ரோகிணியையும் திருவாதிரையையும் ஒப்பிட்டு, எது பிரகாசமானது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளையும் நேரத்தையும் மறவாமல் குறியுங்கள். வழக்கமாகத் திருவாதிரையே வெல்லும். 2020 பிப்ரவரியில் அது ரோகிணிக்குத் தோற்றது. மீண்டும் எந்த ஆண்டில் அவ்வாறு தோற்கும் என்பதை உங்கள் நோட்டுப் புத்தகமே முதலில் அறியக்கூடும்.